மரத்துக்கு ஒரு தண்ணீர்ப் பை: ஆலங்காயம் பக்கம் இது சரிப்பட்டு வருமா?

மரக்கன்று நடும் விழாவுக்கு ஆள் பஞ்சமே இருக்காது. குழி வெட்டியாச்சு, கன்று வெச்சாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்று தளதளன்னு நிற்கும். பிரச்சினை தை மாதத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். மழை நின்றுவிடும், டேங்கர் லாரி வாரம் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். சித்திரையில் போய்ப் பார்த்தால் பல கூண்டுகளுக்குள் குச்சி மட்டும் நிற்கும்.

இந்த ஐந்து மாதத்தைத் தாண்ட வைப்பதற்குத்தான் வெளிநாட்டு நகரங்களில் ‘தண்ணீர்ப் பை’ பயன்படுத்துகிறார்கள். மரத்தின் அடியில் ஜிப் போட்டு மாட்டும் பச்சை நிறப் பை. ஒருமுறை நிரப்பினால் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். லண்டன், நியூயார்க் நடைபாதைகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆன்லைனிலும் கிடைக்கிறது என்பதால், நம்ம ஊர் பசுமைக் குழுக்களும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் போன்ற ஊரில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் சுமார் 20 கி.மீ. தூரத்தில் வாணியம்பாடி, அதைத் தாண்டி ஆம்பூர். தோல் பதனிடும் தொழிலும், அதனால் கெட்டுப்போன நிலத்தடி நீரும் சேர்ந்த வட்டாரம் இது. அதனால் இங்கே பையின் தரத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பைக்குள் ஊற்றும் தண்ணீரில் என்ன இருக்கிறது?

தண்ணீர்ப் பை என்பது என்ன?

கெட்டியான, வெயில் தாங்கும் பிளாஸ்டிக் துணியால் செய்த இரட்டைச் சுவர் பை. மரத்தைச் சுற்றிப் போர்த்தி ஜிப்பை இழுத்தால் கூம்பு மாதிரி நிற்கும். மேலே உள்ள வாய் வழியாக ஓஸ் பைப்பை விட்டு நிரப்ப வேண்டும். அடியில் ஊசித் துளைகள் இருக்கும். அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது.

இதில் பிரபலமானது அமெரிக்காவின் ‘ட்ரீகேட்டர்’ பை. 20 கேலன் பிடிக்கும், அதாவது சுமார் 75 லிட்டர். நிரப்பிய பிறகு காலியாக 5 முதல் 9 மணி நேரம் ஆகும். மணிக்கு 8 முதல் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சொட்டுநீர்ப் பாசனத்தில் மணிக்கு 8 லிட்டர் விடும் ஒன்று அல்லது இரண்டு சொட்டுவான்களுக்குக் கிட்டத்தட்ட சமம். வாரம் ஒருமுறை நிரப்பினால் பெரும்பாலான இடங்களில் போதும் என்பது பொதுவான பரிந்துரை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிரம்பிய பையின் எடை 75 கிலோ. ஒன்று முதல் நான்கு அங்குலம் வரை விட்டமுள்ள அடிமரத்துக்காக இது வடிவமைக்கப்பட்டது. நம்ம ஊர் விழாக்களில் நடப்படுவது பெரும்பாலும் பென்சில் கனத்தில் இருக்கும் இரண்டடி, மூன்றடிக் கன்று. அதன் மேல் இந்தப் பையைச் சாய்த்தால் கன்று தாங்காது. ஆகவே பை என்பது ஆறு, எட்டு அடி வளர்ந்த பிறகு நடப்படும் மரத்துக்கான சாதனம். சின்னக் கன்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

அதே தண்ணீரை நேரடியாக ஊற்றினால் என்ன?

டேங்கரிலிருந்து ஓஸ் பைப்பில் வேகமாக ஊற்றும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். மண் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தண்ணீரைத்தான் உறிஞ்ச முடியும் என்று ஒரு அளவு உண்டு. காய்ந்து இறுகிய மண்ணில் அது இன்னும் குறைவு. அதற்கு மேல் ஊற்றுவது பாத்தியை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடும். மிச்சம் மேல்மண்ணில் நின்று வெயிலில் ஆவியாகும். மேலே ஈரமாகத் தெரியும், நாலு விரல் தோண்டினால் காய்ந்த மண் இருக்கும்.

புதிதாக நட்ட மரத்துக்கு வேர் பரவியிருக்காது. நர்சரியிலிருந்து வந்த மண்கட்டி அளவுக்குள்தான் அதன் வேர் இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் ஆழமாக ஈரம் இருந்தால் வேர் கீழே இறங்கும். மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே சுற்றும், முதல் கோடையில் வாடும்.

பையின் இன்னொரு லாபம் ஆளின் நேரம். 75 லிட்டரைக் கையால் மெதுவாக ஊற்ற ஒரு ஆள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். யாரும் நிற்க மாட்டார்கள். பை இருந்தால் ஓரிரு நிமிடத்தில் நிரப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகலாம். காத்திருக்கும் வேலையைப் பை பார்த்துக்கொள்ளும்.

இது புதுசா?

யோசனை ரொம்பப் பழசு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலான ‘ஃபான் ஷெங்ஷி ஷூ’, மண்பானையை நிலத்தில் புதைத்து நீர் நிரப்பிப் பயிர் வளர்க்கும் முறையைச் சொல்கிறது. சுட்ட மண்பானையின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் கசியும். வெளியே மண் காய்ந்திருந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் குறையும். மண்ணே தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு.

நம் நாட்டில் இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது ஹரியானாவின் கர்னாலில் 1969-ல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம். 1970-களில் அங்கே ஆர்.சி.மண்டல் பானைப் பாசனத்தைச் சோதித்தார். அந்த நிலையத்தின் வேலையே உவர் நிலத்தில் விவசாயம் செய்வது எப்படி என்று பார்ப்பது. சாதாரணமாகப் பாய்ச்சினால் பயிர் தாங்காத அளவு உப்பு நீரையும், பானை வழியாகக் கசியவிட்டால் காய்கறிப் பயிர்கள் ஓரளவு சமாளிக்கின்றன என்று அந்தச் சோதனைகள் காட்டின. ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய முடிவு இது.

இன்னொரு உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டம். அங்கே ஒரு பழங்குடி விவசாயி, ஆஸ்பத்திரியில் பயன்படுத்தித் தூக்கி எறிந்த குளுக்கோஸ் பாட்டில்களைக் குச்சியில் தொங்கவிட்டு, அதே ட்யூபையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தையும் வைத்துச் செடிகளுக்குச் சொட்டு நீர் விட்டார். பல ஊர்களில் பலர் அதைப் பின்பற்றினார்கள். நம்ம ஊரிலும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வைப்பதைப் பார்த்திருக்கலாம். எல்லாம் ஒரே யோசனையின் வெவ்வேறு உருவங்கள்.

தோல் பகுதியில் தண்ணீருக்கு என்ன ஆனது?

வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’, ‘வருமுன் காக்க வேண்டும்’ என்ற இரு கொள்கைகளும் இந்திய சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

தீர்ப்பில் உள்ள இரண்டு எண்கள் மரம் வளர்ப்பவர்களுக்கும் முக்கியம். ஒன்று, தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற மதிப்பீடு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கொடுத்த கணக்கு இது. இன்னொன்று, ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது. நம்ம 75 லிட்டர் பையின் தண்ணீர் இரண்டு கிலோ தோலுக்குத்தான் காணும்.

வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைப்பதை உறுதிசெய்யவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. கிட்டத்தட்ட 30 ஆண்டுகளுக்குப் பிறகும் பாலாற்றுக் கரையின் மண்ணும் தண்ணீரும் நீதிமன்றத்தில் பேசப்படும் விஷயமாகவே இருக்கின்றன.

இடையில் மாற்றங்களும் நடந்திருக்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வூடு முறையில் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரே மழையில் கழுவிப் போகாது.

குரோமியமா, உப்பா?

தோல் கழிவு என்றதும் குரோமியம்தான் ஞாபகத்துக்கு வரும். குடிநீருக்கும் உடல்நலத்துக்கும் அது பெரிய கவலைதான். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்கு முதலில் இடிக்கும் எதிரி வேறு: சாதாரணச் சோற்றுப்பு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் அளவுக்கு உப்பைத் தேய்த்து வைப்பது வழக்கம். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலையே தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் உப்பு போனது.

மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாகவே இருக்கும், மரம் தாகத்தில் தவிக்கும். இலையின் நுனியும் ஓரமும் கருகும். பார்ப்பவருக்குத் தண்ணீர் போதவில்லை என்றுதான் தோன்றும். அதே உப்புத் தண்ணியை இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். நிலைமை மோசமாகும்.

சோடியம் அதிகமான நீருக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. களிமண் கலந்த நிலத்தில் மண் கட்டமைப்பைக் குலைத்து, மேலே ஓடு மாதிரி இறுக்கிவிடும். பிறகு மழைத் தண்ணீர்கூட உள்ளே இறங்காது. அந்த மாதிரி நிலத்தில் ஜிப்சம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு பைத் தண்ணீரில் எவ்வளவு உப்பு?

கணக்கு ரொம்ப எளிது. தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவை டிடிஎஸ் என்கிறோம். வீட்டு ஆர்ஓ மெஷின்காரர் கையில் வைத்திருக்கும் சின்ன மீட்டர் காட்டும் எண் அதுதான். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பொருள்.

உலக உணவு, வேளாண் அமைப்பு பாசன நீருக்கு ஒரு பொதுவான அளவுகோல் வைத்திருக்கிறது. டிடிஎஸ் 450-க்குக் கீழ் என்றால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை என்றால் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2,000-க்கு மேல் என்றால் கடுமையான கட்டுப்பாடு தேவை.

இப்போது டிடிஎஸ் 2,000 உள்ள போர்வெல் தண்ணீரால் 75 லிட்டர் பையை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பையில் 150 கிராம் உப்பு இருக்கும். வாரம் ஒருமுறை, ஜனவரி முதல் மே வரை 20 வாரம் என்றால் 3 கிலோ. ஒரே மரத்தின் வேரடியில் மூன்று பாக்கெட் உப்பைக் கொட்டியதற்குச் சமம். தண்ணீரை வேரும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும்.

அதே கணக்கை டிடிஎஸ் 400 உள்ள நீரில் போட்டால் 20 வாரத்துக்கு 600 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு. தண்ணீர்ப் பை வாங்குவதற்கு முன்னால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆலங்காயம் கடினப் பாறைப் பகுதி. பாறை வெடிப்புகளில் நிற்கும் நீர்தான் நிலத்தடி நீர் என்பதால் கிணற்றுக்குக் கிணறு எண் மாறும். மலையடிவாரக் கிணற்றையும் பாலாற்றுக் கரைத் தொழிற்பகுதி போர்வெல்லையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. ‘நம்ம பக்கம் தண்ணி நல்லாத்தான் இருக்கு’ என்ற பேச்சும், ‘எல்லாம் கெட்டுப்போச்சு’ என்ற பேச்சும் இரண்டுமே மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டியவை.

மெதுவாக விடுவது உப்புக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். சிக்கல் இருப்பதே இங்கேதான்.

நல்ல பக்கம்: தொடர்ந்து ஈரம் இருந்தால் உப்பின் கடுமை நீர்த்துப்போகும். மண் காயக் காயத்தான் மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். கசியும் நீர் உப்பையும் தள்ளிக்கொண்டு வெளியே நகரும். துளைக்கு அருகில் உள்ள வேர்ப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும். கர்னாலில் பானை வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்.

கெட்ட பக்கம்: தள்ளிய உப்பு எங்கும் போய்விடவில்லை. ஈரம் முடியும் விளிம்பில், வேருக்குக் கொஞ்சம் தள்ளி, வளையம் போலச் சேர்ந்து நிற்கும். சில இடங்களில் மண் மேல் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். மரம் வளர்ந்து வேர் பரவும்போது அந்த வளையத்தில்தான் போய் முட்டும்.

இன்னொரு ஆபத்து, கோடை மழை. லேசான தூறல் விழுந்தால் மேலே பூத்திருந்த உப்பு கரைந்து நேராக வேருக்குள் இறங்கும். ‘மழை வந்துடுச்சு, இந்த வாரம் தண்ணி வேண்டாம்’ என்று விடும் நேரத்தில்தான் மரம் அடிவாங்கும். உப்பு நீரில் சொட்டுநீர்ப் பாசனம் செய்பவர்களுக்குச் சொல்லப்படும் பாடம் இதற்கு நேர்மாறானது: 50 மி.மீ. அளவுக்காவது நல்ல மழை பெய்யும் வரை வழக்கமான தண்ணீரை நிறுத்தாதீர்கள். அந்த நீர் உப்பைத் தள்ளியே வைத்திருக்கும், பெருமழை வந்து அதை ஆழத்துக்குக் கழுவிவிடும்.

ஆகவே உப்புள்ள ஊரில் ‘சிக்கனமாக விடு’ என்பது பாதி அறிவுரைதான். மரத்துக்குத் தேவையானதை விட 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக விட்டு, உப்பைக் கீழே கழுவ வேண்டும். அல்லது நாலைந்து முறைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஏரி நீர், சம்ப்பில் பிடித்த மழைநீர் இதற்கு ஏற்றவை. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். 5,000 லிட்டர் மழைநீர் சம்ப் இருந்தால் 66 பைகளை ஒருமுறை கழுவலாம்.

ஆர்ஓ கழிவு நீரை மரத்துக்கு விடுவது நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். டிடிஎஸ் 1,000 உள்ள நீரில் பாதியைக் குடிநீராக எடுத்தால், மிச்சப் பாதியில் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக, 2,000 ஆக இருக்கும். அதை அப்படியே பையில் ஊற்றினால் நல்லது செய்ய நினைத்துக் கெடுப்பதாகிவிடும். கலந்து நீர்த்து விட வேண்டும், அதையும் அளந்த பிறகே.

எந்த மரம் தாங்கும்?

நிழலுக்கும் சாலையோரத்துக்கும் புங்கன் உப்பை நன்றாகத் தாங்கும். வேம்பு, புளி, நாவல் ஓரளவு தாங்கும். சவுக்கு, நாட்டுக் கருவேலம், தென்னை, ஈச்சம் ஆகியவையும் சமாளிக்கும். சீமைக் கருவேலம் இந்த வட்டாரத்தில் ஏன் இப்படிப் பரவியது என்பதற்கும் அதன் உப்பு தாங்கும் திறன் ஒரு காரணம்.

மாவும் எலுமிச்சையும் உப்புக்கு ரொம்ப நோஞ்சான். டிடிஎஸ் 1,500 காட்டும் போர்வெல்லை நம்பி வீட்டு வாசலில் மாங்கன்று வைப்பவர், பை வாங்கினாலும் பானை புதைத்தாலும் ஏமாற வாய்ப்பு அதிகம். மரத்தைத் தண்ணீருக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது பைசா செலவில்லாத முதல் தீர்வு.

கட்டுப்படியாகுமா?

அமெரிக்கச் சந்தையில் ஒரு பையின் விலை சுமார் 20 முதல் 30 டாலர். இங்கே இறக்குமதி செய்தால் அதற்கு மேல். 500 மரம் நட்ட ஒரு பேரூராட்சிக்கோ நிறுவனத்துக்கோ பைக்கு மட்டும் லட்சக்கணக்கில் ஆகும்.

தண்ணீர்க் கணக்கு அதைவிடப் பெரியது. 500 மரம், பைக்கு 75 லிட்டர் என்றால் வாரத்துக்கு 37,500 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கரில் ஏழரை நடை. 20 வாரத்துக்கு 150 நடை. டீசல், டிரைவர், உதவியாள் எல்லாம் சேர்த்துத்தான் ஒரு மரத்தின் விலை. கன்றின் விலை அதில் மிகச் சின்னப் பகுதி.

அதே 500 சின்னக் கன்றுகளுக்கு வாரம் 20 லிட்டர் மெதுவாக விட்டால் 10,000 லிட்டர், இரண்டு நடை போதும். 20 வாரத்துக்கு 40 நடை. இந்தக் கணக்கை நடும் விழாவுக்கு முன்னாலேயே போட்டால், 500 நடலாமா 150 நடலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

2022 செப்டம்பர் 24 அன்று முதல்வராக மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது. பத்தாண்டில் அதை எட்ட வேண்டும் என்றால், எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட, மூன்றாவது கோடையில் எத்தனை நிற்கின்றன என்ற எண்தான் கணக்கில் வரும்.

பையால் வரும் தொல்லைகள் என்ன?

முதலில் அடைப்பு. உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த நீரில் ஊசித் துளைகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் வரும் ஊர் என்றால் இது நிச்சயம். மாதம் ஒருமுறை பையைக் கழற்றி உதறி, துளையைக் குத்திவிட வேண்டும்.

இரண்டாவது கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சரியாக வேலை செய்யும் பை ஒரே நாளில் காலியாகிவிடும் என்பதால் பயமில்லை. துளை அடைத்த பைதான் தொட்டியாக மாறும். நிரப்பிய மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்தப் பையைக் கழற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது பட்டை அழுகல். எப்போதும் ஈரமாக, காற்றுப் புகாமல் மூடியிருக்கும் அடிமரத்தில் பூஞ்சணம் வரும், எறும்பும் பூச்சியும் குடியேறும். மழைக்காலம் தொடங்கியதும் பையை எடுத்து மடித்து வைக்க வேண்டும். வருடம் முழுக்க மாட்டி வைக்கும் பொருள் அல்ல இது.

நான்காவது பிளாஸ்டிக். தரமான பை சில வருடம் உழைக்கும். வெயில் தாங்காத மலிவுப் பை ஒரே கோடையில் பொரிந்து துண்டு துண்டாக மண்ணில் விழும். மரம் வளர்க்கப் போய்க் குப்பை சேர்த்த கதையாகிவிடும்.

செலவில்லாமல் செய்ய முடியாதா?

முடியும். சின்னக் கன்றுக்கு அதுவே பொருத்தமும்கூட.

* பழைய 20 லிட்டர் கேன்: அடியில் சூடான ஊசியால் ஒரு துளை. கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, துளை கன்றைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரு நிமிடம் டம்ளரில் பிடித்துப் பார்த்தால் சுமார் 65 மி.லி., அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு விழ வேண்டும். அப்படியானால் மணிக்கு 4 லிட்டர். நீர்மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால் கேன் காலியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூடியை லேசாகத் தளர்த்தி வைத்தால்தான் தண்ணீர் இறங்கும். மெல்லிய துணி கட்டினால் கொசு புகாது.

* மண்பானை: பெயின்ட் அடிக்காத, மெருகு பூசாத பானை. கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூட வேண்டும். உப்பு நீரில் நாளாக ஆகப் பானையின் நுண்துளைகள் அடையும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

* மூடாக்கு: பாலாற்றுக் கரைத் தோப்புகளில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. மழையில் ஊறிக் கழுவிய பழைய மட்டையைப் பாத்தியில் கவிழ்த்து அடுக்கினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறிப் பூப்பதும் குறையும். அடிமரத்தை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட வேண்டும்.

மூன்றையும் சேர்த்துச் செய்தாலும் ஒரு மரத்துக்கு ஆகும் செலவு இறக்குமதிப் பையின் விலையில் சின்னப் பகுதிதான்.

அப்படியென்றால் பை தேவையே இல்லையா?

தேவைப்படும் இடங்கள் உண்டு. சாலை விரிவாக்கத்தின்போது வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடும் மரங்கள், கல்லூரி, தொழிற்சாலை வளாகங்களில் எட்டடி உயரத்தில் வாங்கி நடும் மரங்கள், ஆள் தினமும் போக முடியாத சாலைத் தடுப்புகள் ஆகிய இடங்களில் 75 லிட்டர் பை தன் விலைக்கு வேலை செய்யும். தோல், ஷூ நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் மரம் நடும்போது, கன்று எண்ணிக்கையைக் குறைத்து இதற்கும் டேங்கருக்கும் பணம் ஒதுக்கலாம்.

ஆனால் இந்த வட்டாரத்தில் வரிசை மாறக்கூடாது. முதலில் தண்ணீரின் டிடிஎஸ். அதற்கேற்ற மரம். பிறகு 20 வாரத்துக்கு யார், எந்த நாளில் நிரப்புவது என்ற பெயர்ப் பட்டியல். கடைசியில்தான் பையா, கேனா, பானையா என்ற தேர்வு.

பட்டியலில் பெயர் இல்லாத மரத்துக்கு எந்தப் பை மாட்டினாலும் மூன்றாவது வாரமே காலியாகத்தான் தொங்கும். ஆலங்காயத்தில் இந்த மழைக்காலத்தில் குழி வெட்டப் போகிறவர்கள், கூண்டு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் போர்வெல் தண்ணீரில் மீட்டரை நனைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.